வாய் கொப்பளிக்க 150 ரூபாயா? பல் சிகிச்சை, மவுத்வாஷ், சளிக் காய்ச்சல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மழை தொடங்கினால் மதுரையில் பாதி வீடுகளில் இருமல் சத்தம்தான். இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் மவுத்வாஷைப் பற்றியவை. அது வைரஸைத் தடுக்குமா, பல் டாக்டர் எதற்காகக் கொப்பளிக்கச் சொல்கிறார், எதை வாங்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் இங்கே சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (கே.புதூர் வாசகர்): கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்ய ஒரு தனியார் பல் மருத்துவமனைக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் சின்ன கப்பில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஊற்றிக் கொடுத்து, அரை நிமிடம் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். 'வைரஸ் பரவாமல் இருக்க' என்றார்கள். பில்லைப் பார்த்தால் ஒவ்வொரு தடவைக்கும் 'கிருமிநீக்கம் 150 ரூபாய்' என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். இதனால் உண்மையில் பலன் உண்டா? தனியாகக் காசு வாங்கலாமா?

பதில்: பலன் கொஞ்சம் உண்டு. ஆனால் தனிக் காசு நியாயமில்லை. இரண்டையும் விவரமாகவே சொல்கிறேன்.

பல்லைக் குடையும் ஏரோட்டர் மிஷின் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். சூடு ஏறாமல் இருக்க அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பல் சுத்தம் செய்யும் ஸ்கேலிங் மிஷினும் அப்படித்தான். அந்தத் தண்ணீர் வாயில் இருக்கும் எச்சிலோடு கலந்து, கண்ணுக்குத் தெரியாத பொடித் திவலைகளாக அறை முழுக்கப் பரவும். நோயாளிக்குக் கொரோனாவோ ஃப்ளூவோ இருந்தால் கிருமியும் கூடவே பறக்குமே என்ற பயம் 2020இல் உலகம் முழுக்கப் பல் டாக்டர்களைப் பிடித்துக்கொண்டது. பல மாதங்கள் அவசர சிகிச்சை தவிர மற்றதெல்லாம் நின்றுபோனதும் இதனால்தான். சிகிச்சைக்கு முன்னால் போவிடோன் அயோடின் அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நீரால் கொப்பளிக்க வைக்கலாம் என்ற ஆலோசனை அப்போதுதான் பரவலாக வந்தது. உங்களுக்குக் கொடுத்த பழுப்புத் திரவம் அநேகமாக போவிடோன் அயோடின்தான். மெடிக்கல் ஷாப்பில் பீட்டாடைன் கார்கிள் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சரக்கு.

அது வேலை செய்யும் விதம் இது. கொரோனா, ஃப்ளூ வைரஸ்களுக்கு மேலே கொழுப்பால் ஆன ஒரு மெல்லிய உறை உண்டு. அயோடின் அந்த உறையையும் உள்ளே உள்ள புரதங்களையும் சிதைக்கிறது. ஆய்வகக் குழாயில் வைத்துப் பார்த்தால் சில விநாடிகளில் வைரஸ் செயலிழந்துவிடுகிறது. வாய் ஆய்வகக் குழாய் இல்லையே! கொப்பளித்ததும் எச்சிலில் உள்ள வைரஸ் சிறிது நேரம் குறையும். ஆனால் எச்சில் ஊறிக்கொண்டேதான் இருக்கும். மூக்கிலும் தொண்டையின் அடியிலும் நுரையீரலிலும் இருக்கும் கிருமியைக் கப்பில் வரும் 10 மில்லி தொடவே தொடாது. மூச்சு விடும்போதும் இருமும்போதும் வெளியே வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

2022இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, பல் சிகிச்சைக்கு முன் கொப்பளிப்பதைப் பற்றிய 17 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. அநேகமாக எல்லாமே காற்றில் பறந்து விழுந்த பாக்டீரியாவை எண்ணிய ஆய்வுகள். கொப்பளிக்க வைத்ததால் டாக்டருக்கோ உதவியாளருக்கோ நோய் தொற்றுவது குறைந்ததா என்பதை அவற்றில் ஒன்றுகூட அளக்கவில்லை. அதனால் 'வைரஸ் பரவாமல் இருக்க' என்று உங்களிடம் அடித்துச் சொன்னது கொஞ்சம் அதிகம். அதற்காக டாக்டர் உங்களை ஏமாற்றினார் என்றும் சொல்லமாட்டேன். அரை நிமிட வேலை, கெடுதல் குறைவு, கொஞ்சம் பலன் இருக்கலாம். செய்யட்டும்.

இப்போது காசுக்கு வருவோம். இந்தக் கொப்பளிப்பு பாதுகாப்பது யாரை? உங்கள் வாயிலிருந்து பறப்பதைக் குறைத்து, டாக்டரையும் உதவியாளரையும் உங்களுக்கு அடுத்து வருபவரையும்தான். கையுறை, முகக்கவசம் மாதிரி அதுவும் சிகிச்சை நடத்துபவரின் அடிப்படைச் செலவு. டீக்கடையில் டம்ளர் கழுவியதற்குத் தனியாக இரண்டு ரூபாய் கேட்டால் கொடுப்போமா? கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு 5 முதல் 10 மில்லிதான் ஆகும். 100 மில்லி பாட்டிலில் குறைந்தது பத்துப் பேர் கொப்பளிக்கலாம். பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் விலையைப் பத்தால் வகுத்தால் எவ்வளவு வருகிறது, உங்களிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்பது தெரிந்துவிடும்.

என்ன செய்யலாம்? அடுத்த முறை உட்காருவதற்கு முன்பே, "டாக்டர், ரூட் கேனாலுக்குச் சொன்ன தொகையில் எல்லாம் அடக்கமா, தனியாக ஏதாவது சேருமா?" என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கொடுத்த காசுக்கு, வகைவாரியாகப் பிரித்த பில் கேளுங்கள். முன்கூட்டிச் சொல்லாத கட்டணம் என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலான இடங்களில் கழித்துவிடுவார்கள். முடியாது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இந்தச் சில நூறு ரூபாய்க்காக யாரும் ஆணையம் வரை போகமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், அது போதும்.

இன்னொன்றையும் பில்லில் பாருங்கள். நோய்க்காகச் செய்யும் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அழகுக்காகப் பல்லை வெள்ளையாக்குவது வேறு கணக்கு. ரூட் கேனாலுக்கோ பல் பிடுங்கியதற்கோ மேலே 18 சதவீதம் சேர்த்திருந்தால் கட்டாயம் காரணம் கேளுங்கள்.

கேள்வி (திருமங்கலம் வாசகி): என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நாள் முழுக்கக் கூட்டத்தில் இருப்பதால் தினமும் கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டால் சளி காய்ச்சல் வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மெடிக்கலில் கேட்டால் ஹெக்ஸிடின், லிஸ்டரின், பீட்டாடைன் என்று மூன்றை எடுத்து வைக்கிறார்கள். விலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆறு வயதுப் பையனும் அப்பா செய்வதைப் பார்த்து அடம் பிடிக்கிறான். எதை வாங்கலாம்?

பதில்: சளி வராமல் இருப்பதற்காக என்றால் மூன்றையுமே வாங்க வேண்டாம் அம்மா. அந்தக் காசில் நல்ல முகக்கவசம் நாலு வாங்கிக் கொடுங்கள்.

ஜப்பானில் கொப்பளிப்பது ஊர்ப் பழக்கம். அங்கே 387 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து 60 நாள் கவனித்து, முடிவை 2005இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவு வெறும் தண்ணீரில் கொப்பளித்தது, ஒரு பிரிவு நீர்த்த போவிடோன் அயோடினில், மற்றொரு பிரிவு தங்கள் வழக்கப்படி விட்டுவிடப்பட்டது. வெறும் தண்ணீரில் கொப்பளித்தவர்களுக்குத்தான் சளி குறைந்தது. அயோடின் போட்டவர்களுக்குக் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. காசு கொடுத்து வாங்கிய மருந்தைவிடக் குழாய்த் தண்ணீர் நன்றாக வேலை செய்திருக்கிறது! சாதாரணச் சளியைப் பெரும்பாலும் உண்டாக்கும் ரைனோ வைரஸுக்கு நான் மேலே சொன்ன கொழுப்பு உறையும் கிடையாது. உறையைக் கரைக்கும் மருந்துகளுக்கு அங்கே பிடிமானம் குறைவு.

மூன்று பாட்டிலும் மூன்று விதம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெக்ஸிடின் வகையில் இருப்பது குளோர்ஹெக்ஸிடின், நம் ஊரில் அநேகமாக 0.2 சதவீதம். ஈறு வீங்கி ரத்தம் வரும்போதும், பல் பிடுங்கிய பிறகும், பிரஷ் போட முடியாத நாட்களிலும் டாக்டர் எழுதிக் கொடுப்பது இது. அதற்கு மிக நல்ல மருந்து. வைரஸ் விஷயத்தில் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தானாகத் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும். டீ, காபி, வெற்றிலை பழக்கம் இருந்தால் கறை இன்னும் வேகமாக ஏறும். பிறகு அதைச் சுரண்டி எடுக்க ஸ்கேலிங் செலவு. இதைப் பயன்படுத்தும் நாட்களில் பேஸ்ட் போட்டுப் பல் துலக்கிய கையோடு கொப்பளிக்கவும் கூடாது. பேஸ்ட்டின் நுரை மருந்தை மழுக்கிவிடும், அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

லிஸ்டரின், கோல்கேட் பிளாக்ஸ் போன்றவை தினசரி வாய் நாற்றத்துக்கும் பல்லில் படியும் படலத்துக்கும் செய்யப்பட்டவை. லிஸ்டரினில் சில வகைகளில் ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் வண்டி ஓட்டுபவர் என்பதால் இதை முக்கியமாகச் சொல்கிறேன். கொப்பளித்த உடனே டிப்போவில் ஊதச் சொன்னால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். கால் மணி நேரத்தில் அந்த வாசம் போய்விடும், ஆனால் அதை நிரூபிக்கும் பாடு அவருக்கு எதற்கு? வாங்குவதாக இருந்தால் ஆல்கஹால் இல்லாதது என்று அச்சிட்ட பாட்டிலை எடுங்கள்.

பையனுக்கு எதுவும் வேண்டாம். அந்த வயதில் துப்பச் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவார்கள். வெறும் தண்ணீரைக் கொடுத்து அப்பாவோடு நிற்கவிடுங்கள், சந்தோஷப்படுவான்.

டாக்டர் சீட்டில் எழுதி, குளோர்ஹெக்ஸிடின் வாங்க வேண்டியிருந்தால் மருந்தின் பெயரைச் சொல்லி, 0.2 சதவீதம் என்று கேளுங்கள். ஒரே மருந்து கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். மக்கள் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். பாட்டிலைத் திருப்பி மருந்தின் பெயரும் சதவீதமும் ஒன்றுதானா என்று பார்த்தால் போதும், லேபிளின் பளபளப்புக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி (மேலூர் வாசகர்): அம்மாவுக்குத் தைராய்டு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். பல் பிடுங்கப் போகிறோம். அந்த பழுப்பு மருந்தைக் கொப்பளிக்கலாமா?

பதில்: தைராய்டு இருப்பதைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போவிடோன் அயோடினில் உள்ள அயோடின் கொஞ்சம் உடம்புக்குள் போகும். தைராய்டு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இதை நாள்கணக்கில் பயன்படுத்தக் கூடாது. ஒரே ஒரு தடவை கொப்பளித்துத் துப்புவதில் ஆபத்து குறைவுதான், ஆனாலும் வேறு திரவம் இருக்கும்போது இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. "அயோடின் இல்லாதது கொடுங்கள்" என்று நீங்கள் கேட்கலாம். குளோர்ஹெக்ஸிடினோ செட்டைல்பிரிடினியம் குளோரைடு என்ற கிருமிநாசினி கலந்ததோ பெரும்பாலான இடங்களில் இருக்கும்.

இறால் ஒவ்வாமைக்கும் அயோடினுக்கும் சம்பந்தமில்லை. இறாலில் உள்ள ஒரு புரதம்தான் தடிப்புக்குக் காரணம். அயோடின் மருந்து தடவியே அம்மாவுக்கு எப்போதாவது அரிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அது வேறு, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): '99.9 சதவீதக் கிருமிகளை அழிக்கும்' என்று மவுத்வாஷ் விளம்பரங்களில் வருகிறதே, வைரஸும் இதில் சேர்த்தியா?

பதில்: பெரும்பாலும் அந்த வரியின் பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம் இருக்கும். பாட்டிலின் பின்பக்கம் அதே நட்சத்திரத்தைத் தேடிப் படியுங்கள். ஆய்வகச் சோதனை, இன்ன பாக்டீரியா, இத்தனை விநாடி என்று பொடி எழுத்தில் இருக்கும். பாக்டீரியாவைக் கொன்றதை வைத்து வைரஸைக் கொல்லும் என்று நினைக்கக் கூடாது. வைரஸைக் கொன்றதாக எழுதியிருந்தாலும் அது குழாயில் நடந்ததா, மனிதர் வாயில் நடந்ததா என்று பாருங்கள். குழாயில் நடந்த சோதனையை வைத்து 'நோய் வராது' என்று விற்றால் அது தவறான விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தையும் லேபிளையும் போட்டோ எடுத்து 1915 வழியாகவே புகார் சொல்லலாம். இதுபோல ஒன்று கண்ணில் பட்டால் தயவுசெய்து சொல்லுங்கள். கொரோனா நேரத்தில் பயத்தை விற்றுச் சம்பாதித்தவர்களைக் கேட்க ஆள் இல்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேள்வி (சிம்மக்கல் வாசகி): அப்பாவுக்கு எழுபது வயது, சர்க்கரையும் ஆஸ்துமாவும் உண்டு. பல் செட் கட்ட வேண்டும், அதற்கு முன் சில பற்களைச் சரி செய்ய வேண்டும். சளி, காய்ச்சல் தொற்றாமல் பார்த்துக்கொள்ளும் பல் மருத்துவமனையை எப்படி அடையாளம் காண்பது? மவுத்வாஷ் கொடுக்கிறார்களா என்று கேட்டால் போதுமா?

பதில்: போதாது. கேட்க வேண்டிய பட்டியலில் அது கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும். உங்கள் அப்பா மாதிரி ஒருவருக்கு இந்தக் கேள்வி உண்மையிலேயே முக்கியம் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் காத்திருக்கும் இடம். மிஷின் ஓடும் நேரத்தைவிட, இருமுகிற நாலு பேர் நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதுதான் அவருக்கு அதிக ஆபத்து. நேரம் சொல்லி, அந்த நேரத்துக்கு உள்ளே கூப்பிடும் இடமாகப் பாருங்கள். முடிந்தால் காலை முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். முந்தைய நோயாளியின் திவலைகள் அப்போது அறையில் மிதந்துகொண்டிருக்காது.

அடுத்தது ஜன்னல். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிரவைத்துச் சுற்றிவிடுகிறது. மதுரை வெயிலில் ஏசியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வராது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா, ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்துவிடுகிறார்களா என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், யாரும் கேட்பதில்லை. அது சக்‌ஷன். எச்சிலை உறிஞ்ச உதட்டோரம் கொக்கி மாதிரி மாட்டிவிடும் மெல்லிய குழாய் எல்லா இடத்திலும் உண்டு. அது வாயில் தேங்கும் தண்ணீரை எடுக்கும், பறக்கும் திவலையைப் பிடிக்காது. உதவியாளர் பல்லுக்குப் பக்கத்திலேயே கையில் பிடித்திருக்கும் தடித்த குழாய்தான் அதைப் பிடிப்பது. அதைச் சரியாகப் பிடித்தால் பறக்கும் திவலையில் 90 சதவீதம் வரை குறைக்கலாம் என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். "பெரிய சக்‌ஷன் இருக்கா டாக்டர், பக்கத்தில் ஒருத்தர் பிடிச்சுக்குவாங்களா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல டாக்டர் கோபப்படமாட்டார். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டி வேலை செய்பவராக இருந்தால் இன்னும் நல்லது. எச்சில் அந்தப் பக்கமே நின்றுவிடும். மூச்சு விட அப்பாவுக்குச் சிரமம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆறுதலான ஒரு செய்தியும் உண்டு. 2021இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், சிகிச்சையின்போது பறந்து விழுந்த திவலைகளில் இருந்த கிருமிகள் எங்கிருந்து வந்தவை என்று பார்த்தார்கள். பெரும்பகுதி மிஷினில் ஓடும் தண்ணீரிலிருந்து வந்தவை, எச்சிலின் பங்கு மிகச் சொற்பம். அதனால் நாற்காலியைப் பார்த்தே பயப்பட வேண்டாம். ஆனால் அந்தத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூளையைத் தாக்கும் பாக்டீரியா தொற்று வந்து எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். திறந்த சலைன் பாட்டிலைச் சரியாக மூடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தியதுதான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். எந்த மவுத்வாஷும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. கழுவ ஊற்றும் சலைனைப் புதிதாகத் திறக்கிறார்களா, கருவிகளை ஒட்டிய பையிலிருந்து உங்கள் கண் முன்னால் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். ஆட்டோகிளேவில், அதாவது சூடான நீராவியால் கிருமியைக் கொல்லும் மிஷினில், போட்டு எடுத்த பையில் நிறம் மாறிய அடையாளம் இருக்கும், காட்டச் சொல்லுங்கள்.

கோரிப்பாளையம் பக்கத்தில் நம் பெரியாஸ்பத்திரியிலும் பல் பிரிவு இருக்கிறது. செலவைப் பற்றிய யோசனை இருந்தால் அங்கேயும் காட்டலாம். கூட்டம் அதிகம் என்பதால் அப்பாவுக்கு முகக்கவசம் மறக்க வேண்டாம்.

கேள்வி (வாடிப்பட்டி வாசகர்): ஹைட்ரஜன் பெராக்சைடு மெடிக்கலில் மலிவாகக் கிடைக்கிறது. அதையே கொப்பளித்தால் என்ன?

பதில்: வேண்டவே வேண்டாம். புண் கழுவ விற்கும் பாட்டில் பெரும்பாலும் 6 சதவீதம். வாய்க்குச் சொல்லப்பட்டது 1.5 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. அப்படியே ஊற்றிக் கொப்பளித்தால் வாயின் உட்தோல் வெந்து வெள்ளையாக உரியும். அந்த 1.5 சதவீதமும் கொரோனா வைரஸின் மேல் பெரிதாக வேலை செய்யவில்லை என்று ஆய்வகச் சோதனைகளிலேயே தெரிந்துவிட்டது. தொண்டை கரகரப்புக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் இதமாக இருக்கும், அதைச் செய்யுங்கள்.

கேள்வி (அலங்காநல்லூர் வாசகி): நாளைக்கு எனக்குப் பல் சுத்தம் செய்ய நேரம் கொடுத்திருக்கிறார்கள், 500 ரூபாய் முன்பணமும் கட்டியாகிவிட்டது. இன்று காலையிலிருந்து காய்ச்சலும் இருமலும். மவுத்வாஷ் போட்டுக்கொண்டு போய்விடலாமா? போகாவிட்டால் முன்பணம் போய்விடும் என்கிறார்கள்.

பதில்: போகாதீர்கள். இப்போதே போன் செய்து, "காய்ச்சல் இருக்கு, வேற தேதி கொடுங்க" என்று சொல்லுங்கள். போனில் சொன்னதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவும் அனுப்பி வையுங்கள். சுத்தம் செய்வது ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. ஸ்கேலிங் மிஷினோ அதிகமாகத் திவலை பறக்கவிடும் கருவிகளில் ஒன்று. காய்ச்சலோடு வருகிறவரை எந்தப் பொறுப்பான டாக்டரும் அன்றைக்கு உட்காரவைக்கமாட்டார். நீங்கள் முன்கூட்டிச் சொல்லியும் முன்பணத்தை அடுத்த தேதிக்கு மாற்ற மறுத்தால் அது நியாயமற்ற நிபந்தனை, அந்த வாட்ஸ்அப் செய்தியே உங்கள் சாட்சி. பல் வலி தாங்கவில்லை, முகம் வீங்கியிருக்கிறது என்றால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம். காய்ச்சல் இருப்பதைச் சொல்லிவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, அன்றைய கடைசி ஆளாக நேரம் கேட்டுப் போங்கள்.